இன்ஜின் நம்பர் சொல்வதும் சொல்லாததும்

உல்லாஸ்நகரில் ஒரு பிரீமியர் பத்மினி கார் விலைக்கு வந்திருக்கிறது என்று செம்பூர் நண்பர் கூப்பிட்டார். "ஆர்.சி.யில இருக்கிற நம்பரும் இன்ஜின்ல இருக்கிற நம்பரும் ஒண்ணுதான் சார். ஒரிஜினல் இன்ஜின்" என்றார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

பழைய கார் வாங்குகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் நம்பிக்கை இதுதான்: ஆர்.சி.யும் இன்ஜினும் பொருந்தினால் அது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின். அப்படி இல்லை. இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நாணயமான உரிமையாளர் தெரிவித்திருப்பார். புது இன்ஜினின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்கும். பிறகு எப்போது பார்த்தாலும் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். ஆக, பொருத்தம் காட்டுவது காகிதம் ஒழுங்காக இருப்பதை மட்டும். பிறப்பை அறிய, கார் முதன்முதலில் பதிவான அலுவலகத்தின் பதிவேட்டு நகலோ, கம்பெனி கொடுத்த முதல் இன்வாய்ஸோ, பழைய ஆர்.சி. புத்தகமோ வேண்டும்.

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி வரிசைகள். ஒரே காருக்கு இவை இரண்டும் சேர்ந்து கொடுக்கப்பட்டதாகத் தொழிற்சாலைக் காகிதம் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. பானெட்டைத் தூக்கியதும் நண்பர் பிளாக்கின் பக்கவாட்டில் விரல் வைத்து, "இதோ நம்பர்" என்றார். அது எழும்பி நின்ற எண். வார்ப்பின்போது அச்சிலேயே விழுவது. அதே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அதே எண் இருக்கும். எந்த வகை பிளாக் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இன்ஜின் எண் வேறு. மட்டமாக்கிய ஒரு பரப்பில் பஞ்ச் வைத்து அடித்து, பள்ளமாக இறங்கியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் பிசுக்கைத் துடைத்தேன். சாக்பீஸைத் தேய்த்ததும் பள்ளங்களில் வெள்ளை தங்கி எண்கள் எழுந்து வந்தன. மேலே காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தோம், ஆர்.டி.ஓ. வேலைக்கு சேசிஸ் பிரிண்ட் எடுப்பது போலவே. கண்ணுக்குத் தப்புவது பென்சிலுக்குத் தப்பாது: ஓர் எழுத்து மட்டும் சாய்ந்திருப்பது, ஆழம் மாறுவது, எண்ணைச் சுற்றி மட்டும் எமரி தேய்த்த வழவழப்பு.

எண்ணை ராவி எடுத்தாலும் சுவடு முழுதாகப் போய்விடாது. பஞ்ச் இறங்கிய இடத்தில் உலோகம் மேற்பரப்புக்கு அடியிலும் நசுங்கியிருக்கும். தடயவியல் கூடங்கள் அமிலம் தடவிப் பல சமயம் அதை வெளிக்கொண்டு வருகின்றன. ஆனால் எண்ணே இல்லாத பிளாக் எல்லாம் திருட்டு பிளாக் என்று முடிவுகட்டவும் கூடாது. மாற்று பிளாக்கை எண் இல்லாமல் அனுப்பும் வழக்கம் கார் நிறுவனங்களிடையே இருந்திருக்கிறது.

இன்ஜினைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்தக் காரில் அது கடினம். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் தொடங்கிய ஃபியட் 1100 டிலைட்தான் எழுபதுகளில் பிரசிடெண்ட் ஆகி, பின் பத்மினி ஆனது. எல்லாவற்றிலும் அடிப்படையில் அதே 1089 சிசி பெட்ரோல் இன்ஜின். எண்பதுகளின் பத்மினியிலிருந்து பிரித்த இன்ஜின் அறுபதுகளின் டிலைட்டில் உட்கார்ந்துகொள்ளும். டைனமோ இருக்கிறதா, ஆல்டர்னேட்டரா என்று பார்ப்பதும் உதவாது. அவை ஸ்பேனர் எடுத்தால் மாறக்கூடியவை. அந்தக் கார் பிறந்ததும் குர்லாவில், பழைய உதிரிகளாகப் பிரிந்து விற்பனைக்குப் போனதும் பெரும்பாலும் குர்லாவில். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பத்மினியில் டீசல் இன்ஜினைக் கண்டால் உடனே "மாத்திட்டாங்க" என்பார்கள். தொண்ணூறுகளில் 137டி என்ற பெயரில் கம்பெனியே டீசல் பத்மினி விற்றது. 1985-இல் வந்த அதே கம்பெனியின் 118என்ஈ-யின் உடல் ஃபியட் 124, இன்ஜினோ 1171 சிசி நிசான். அதையும் கம்பெனிதான் வைத்தது. சி.என்.ஜி. ஏறிய டாக்சியில் இன்ஜின் அதேதான், எரிபொருள் வரும் வழிதான் வேறு. எரிபொருள் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போர் போட்ட இன்ஜின் ஒரிஜினல் இல்லை என்பதை நான் அடியோடு மறுக்கிறேன். இந்த இன்ஜினின் போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 0.6 மி.மீ. பெரிய பிஸ்டன் போட்டால் 1089 சிசி என்பது 1109-ஐ ஒட்டி வரும். பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். மும்பைச் சாலையில் வருடக்கணக்கில் ஓடிய டாக்சிக்கு போர் போட்டிருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"உல்லாஸ்நகர் வண்டியா, எல்லாம் டூப்ளிகேட்டா இருக்கும்" என்று மாட்டுங்காவில் ஒருவர் எச்சரித்தாராம். பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திகளைக் கல்யாணின் ராணுவ முகாமில் குடியேற்றி, 1949-இல் பெயர் சூட்டிய ஊர் அது. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்ற பழைய கேலி இன்னும் அதைத் துரத்துகிறது. ஆனால் தண்ணீர் ஓடும் உள்வழிகளோடு நான்கு சிலிண்டர் இரும்பு பிளாக்கை வார்த்துக் கடைவது கொட்டகையில் நடக்கும் வேலை அல்ல. பொய்யாக அடிக்க முடிந்தது எண்ணை மட்டும்தான், அதை எந்த ஊரிலும் அடிக்கலாம்.

மும்பையில் கடைசியாக ஒரு பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29-இல். டாக்சிகளுக்கான 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு அவை தெருவை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியவற்றின் விலை ஏறுவதால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கும் விலை ஏறுகிறது. 2021-இல் வந்த வின்டேஜ் விதிகள் 50 வயது கடந்த, சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண்பலகை தருகின்றன. முதல் பத்மினிகள் அந்த வயதைத் தொட்டுவிட்டன.

நண்பரின் காருக்குப் பதிவேட்டு நகல் வந்தது. முதல் எண் வேறு. இன்ஜின் மாற்றம் முறையாகப் பதிவாகியிருந்தது. பேசிய விலையைக் குறைத்து, "மாற்று இன்ஜின்" என்று ரசீதில் எழுதச் சொல்லி வாங்கினார். நல்ல கார், நன்றாக ஓடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் டிலைட்டுக்கோ அம்பாசடருக்கோ உரிய முதல் ஆர்.சி. புத்தகமும் இன்வாய்ஸும் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போது அதன் கூடவே கொடுத்துவிடுங்கள்.