பல்லுப் புடுங்குவது மட்டுமா பல் வைத்தியம்?



பல் டொக்டர் என்றால் பல்லுப் புடுங்குகிறவர் என்றே நம் லயங்களில் பலர் நினைக்கிறார்கள். பல் வைத்தியத்திலேயே மேலே படித்து, வாய், தாடை, முகம் ஆகியவற்றில் சத்திர சிகிச்சை செய்கிற நிபுணர்களும் இருக்கிறார்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவர்களை ஓ.எம்.எப். சர்ஜன் என்பார்கள்.

இவர்கள் என்ன செய்கிறார்கள்?

விழுந்து உடைந்த தாடையைப் பொருத்துவார்கள். முரசுக்குள் புதைந்த கடைவாய்ப் பல்லை எடுப்பார்கள். பிளந்த உதடு, அண்ணத்தோடு பிறந்த பிள்ளைக்கு அதைச் சரிசெய்வார்கள். வாய்ப் புற்றுநோய்க்கும் ஆப்பரேஷன் செய்வார்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே வெற்றிலை போடும் பழக்கம் நம்மிடம் ஆண், பெண் இருவருக்கும் உண்டு. பொயிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்பது தவறு. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்தது.

இவற்றைக் கவனியுங்கள்:

1. 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்.
2. வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.
3. காரம் பட்டால் எரிச்சல்.
4. மூன்று விரலை நிமிர்த்தி வைக்க முடியாதபடி வாய் இறுகுதல்.
5. கழுத்தில் கட்டி.

ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்குப் போங்கள். விறைப்பூசி போட்டு, சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி வைத்தால் நோய் பரவும்" என்ற பேச்சை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். பிந்திப் போவதுதான் ஆபத்து. ஆரம்பத்திலேயே போனால் சுகப்படுத்த வழியுண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை.

நம் பிள்ளைகள் இதைப் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுக்க வேண்டும். நல்ல பெறுபேறு கிடைத்தால் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பரீட்சை எழுதி, மேற்படிப்பும் பயிற்சியும் முடித்தால் நிபுணர் ஆகலாம். நீண்ட படிப்புத்தான். ஆனால் சாதாரண பல் வைத்தியராகவே நின்றாலும் அதுவும் மதிப்பான உத்தியோகம்.

தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால், சாதாரண தரம் முடிந்ததும் டவுன் பாடசாலையில் இடம் கேளுங்கள். வாயைத் திறந்து நோவைச் சொல்லத் தயங்கும் நம் பெரியவர்களிடம், நம் பேச்சிலேயே விசாரிக்கும் ஒரு டொக்டர் வந்தால் எவ்வளவு உதவி! அந்தப் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.