பத்து வீடு, பத்து ரகம்: கூட்டுத் தோட்டத்துக்குச் சில குறிப்புகள்

காய்கறி வளர்க்க மைசூரு கொடுத்துவைத்த ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம், செம்மண், மே மாதமே எட்டிப் பார்க்கும் மழை, அக்டோபரில் இன்னொரு சுற்று. கத்தரி, வெண்டை, அவரை போன்ற நாட்டுக் காய்களும் நூல்கோல், பீட்ரூட், பீன்ஸ் போன்ற இங்கிலீஷ் காய்களும் ஒரே மண்ணில் வரும். ஆனால் ஒரு வீட்டு மாடியில் எத்தனை ரகம் வைக்க முடியும்? பத்துக் குடும்பம் ஒரு காலி சைட்டில் கூடினால், கத்தரியில் மட்டுமே நாலு ரகம் வளர்க்கலாம், சமைக்கலாம், விதையும் எடுக்கலாம்.

1. சும்மா கிடக்கும் சைட் என்றால் உரிமையாளரிடமும், பொது இடம் என்றால் மாநகராட்சியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை வருஷத்துக்கு என்பதும் அதில் இருக்கட்டும். முருங்கை, கறிவேப்பிலை வைப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. 30க்கு 40 சைட்டில் நாலடி அகலம், எட்டடி நீளத்தில் இருபது பாத்தி தாராளமாக அடங்கும்; வீட்டுக்கு இரண்டு. அகலம் நாலடியைத் தாண்ட வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து கை நீட்டினால் நடுச்செடி எட்ட வேண்டும், பாத்தி மண்ணில் கால் படக் கூடாது.

2. விதைக்கும் முன் எல்லோரும் கூடி ரகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மைசூரின் ஈரன்கெரே பச்சைக் கத்தரி போட்டால், அடுத்தவர் 2011இல் புவிசார் குறியீடு பெற்ற உடுப்பி மட்டு குள்ளா போடட்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியைக் கொண்டுவரலாம். ஈரன்கெரே வாங்கிபாத்துக்கு, மட்டு குள்ளா சாம்பாருக்கு, முள்ளுக் கத்தரி எண்ணெய்க் கத்தரிக்கு. ஒரே வாரத்தில் மூன்றையும் சமைத்துப் பாருங்கள், கத்தரி பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகளும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும்.

3. நாட்டு அவரையை ஆடியில் ஊன்றுங்கள். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அது பூக்கும். தை கழிந்து ஊன்றினால் கொடி மட்டும் மண்டும், காய் கிடைக்காது. மார்கழிப் பனியில் பறிக்கும் அவரையின் தோலில் ஒரு பிசுக்கும் மணமும் இருக்கும். மைசூர்க்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள், அந்த மணத்தை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். கொட்டையை இரவு ஊறவைத்து, மறுநாள் தோல் பிதுக்கிக் குழம்பு வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மற்ற மாதங்களிலும் அவரை வேண்டுமென்றால், பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய் ரகம் பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கும். ஆனாலும் ஒரு கொடியாவது பழைய அவரையாக இருக்கட்டும்.

4. கீரையை ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்தால் தோட்டத்தில் எப்போதும் கீரை இருக்கும்.

5. தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே துலுக்கச் சாமந்தி வையுங்கள். காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி சாமந்தி மொட்டில் போய் முட்டையிடும், தக்காளி தப்பிக்கும். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி என்பது மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. தக்காளி நாற்று 25 நாள், சாமந்தி நாற்று 45 நாள் வயதில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும்.

6. பந்தலில் குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் சேர்ந்து ஏறினால் இந்த வருஷக் காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையில் இரண்டும் கலந்துவிடும். கலக்காமல் இருக்க ஒரு வேலை செய்யலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சுரை சாயங்காலம் பூக்கும். அன்றைக்கு விரியப்போகிற பெண் மொட்டையும் (அடியில் விரல் கனத்தில் பிஞ்சு இருக்கும்) அதே ரகத்தின் ஆண் மொட்டையும் பகலிலேயே நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். பொழுது சாயும்போது அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்து, மறுபடி கட்டுங்கள். காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளம். அந்தக் காய் கொடியிலேயே முற்றி, ஆட்டினால் விதை குலுங்கும்வரை யாரும் தொடக் கூடாது. புடலைக்கும் பீர்க்குக்கும் இதே சாயங்கால வேலைதான். பூசணி, பாகல், வெள்ளரிக்கு மட்டும் காலையில்.

7. நறுக்கும்போது சுரைக்காயில் ஒரு துண்டு நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரை நஞ்சு. சமைத்தாலும் போகாது, ஜூஸ் போட்டால் இன்னும் ஆபத்து.

8. பத்து வீட்டுக்கும் சேர்த்து ஜீவாமிர்தம் தயாரிக்க: 20 லிட்டர் தண்ணீர், நாட்டு மாட்டுச் சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், கடலை மாவு 200 கிராம், தோட்டத்து மண் ஒரு பிடி. நிழலில் இரண்டு நாள், காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரடியில் ஊற்றுங்கள்.

9. பழ ஈ குத்திய பாகல், பீர்க்கை உரக்குழியில் போட்டால் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். கொதிநீரில் முக்கிய பிறகு போடுங்கள்.

10. விதைக்கு எடுப்பது முதல்தரச் செடியின் காயாக இருக்க வேண்டும்; தின்று மிஞ்சியது விதைக்கு ஆகாது. கத்தரி மொட்டுக்குச் சின்ன மெல்லிய துணிப் பை போட்டு, காய் பிடித்ததும் கழற்றுங்கள். ரகம் கலக்காது. காய் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை எடுக்கலாம். தக்காளிச் சதையை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு அலசினால் விதை மேல் உள்ள வழுவழுப்பு போய்விடும். அவரை, துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவையுங்கள், வண்டு அண்டாது.

11. பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அதைச் சாப்பாட்டுக்கு வளர்க்கலாம், விதைக்கு வேண்டாம். நாட்டு விதைக்கு மேளாக்களைக் கவனியுங்கள். நஞ்சராஜ பகதூர் சத்திரத்தில் சஹஜ சம்ருத்தா அமைப்பு கிழங்கு மேளா நடத்தியிருக்கிறது. அங்கே பார்த்தால் கிழங்கில் எத்தனை நிறம், எத்தனை வடிவம் என்று தெரியும். சேப்பங்கிழங்கும் கருணையும் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கியதையே முளைகட்டி நடலாம்.

12. ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து பறியுங்கள். முதலில் அடுத்த வீட்டுப் பாத்திக் காயை எடுத்துக்கொள்வது என்று வழக்கம் வைத்தால் தினம் ஒரே காய் தின்று அலுக்காது.

13. ஒவ்வொரு குடும்பமும் ஒரு ரகத்தின் விதைக்குப் பொறுப்பேற்க வேண்டும். பாட்டிலில் ரகத்தின் பெயர், எடுத்த மாதம், யார் கொடுத்த விதை என்று எழுதி ஒட்டி, பாதியை இன்னொரு வீட்டில் வையுங்கள்; ஒரு வீட்டில் கெட்டாலும் மறு வீட்டில் இருக்கும். அடுத்த முறை சொந்த ஊருக்குப் போகும்போது, அங்கே பெரியவர்கள் வைத்திருக்கும் விதையில் ஒரு பிடி கேட்டு வாங்கி வாருங்கள். ஆடிக்கு முன் வந்தால் நல்லது.