மையாக வரும் ஹம்மஸ்

லெபனான், சிரியா பக்கத்து ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுதை வீட்டில் அரைத்தால் நறநறவென்று வருகிறதா? மிக்ஸியைக் குறை சொல்லாதீர்கள். கடலை வேகவில்லை என்று அர்த்தம். 1 கப் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, வடித்து, புதுத் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்து வேகவையுங்கள். சோடா தோலை இளக்கிவிடும். சுண்டல் பதம் இதற்குப் போதாது. ஒரு கடலையை விரலிடுக்கில் வைத்து லேசாக அழுத்தினாலே வெண்ணெயாய் மசிய வேண்டும். நடுவில் சின்னதாகத் தட்டுப்பட்டாலும் இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

மிதக்கும் தோலை அள்ளிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரையுங்கள். பிறகு தஹினி என்ற எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. கெட்டியாக இருந்தால் எண்ணெய் வேண்டாம். ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டு ஓட்டுங்கள். விழுது வெளுத்து, பஞ்சுபோல் திரண்டு வரும். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றத்தான். தஹினி கிடைக்காத ஊரில் வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, மைய அரைத்துச் சேர்க்கலாம்.