விலக்கும் நடுவுநிலைமையும்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்குப் போர்க்களம் செல்ல மறுத்தவர் வரலாறு நெருங்கிய பாடமாகும். ஆயினும், மறுக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒப்பக் கிட்டியதா? வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க நாட்டைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தவணையும் சீட்டும்

1964 முதல் 1973 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் இளைஞர் கட்டாயமாகப் படையிற் சேர்க்கப்பட்டனர். யாரை அனுப்புவது, யாரை விடுவது என்பதை வட்டாரக் குழுக்கள் முடிவு செய்தன. கல்லூரி மாணவர்க்குப் படிப்பு முடியும்வரை தவணை கிடைத்தது. உடற்குறை காட்டும் மருத்துவச் சான்றும் விலக்களித்தது. இவையிரண்டும் வசதியுடையார்க்கே எளியவை. குழு அனுப்பவேண்டிய எண்ணிக்கையோ குறையவில்லை. ஒருவர் விடுபட்டால் அவ்விடத்தை ஏழை வீட்டு மகன் நிரப்ப நேர்ந்தது.

இக்குறையை நீக்க, 1969 டிசம்பர் 1 அன்று பிறந்தநாள் சீட்டுக் குலுக்கல் நடைபெற்றது. 366 சிமிழ்களுள் முதலில் எடுக்கப்பட்டது செப்டம்பர் 14. சிமிழ்கள் நன்கு கலக்கப்படாமையால், ஆண்டிறுதி மாதங்களிற் பிறந்தோரே மிகுதியாக முன்வரிசையில் வந்தனர் என்று புள்ளியியலார் காட்டினர். நடுவுநிலைமைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. செய்யும் முறையும் செம்மையாதல் வேண்டும்.

மனச்சான்றின் குரல்

மனச்சான்றால் மறுப்போர்க்கும் சட்டம் இடமளித்தது. கடவுள் நம்பிக்கைக்கு ஒப்பான இடத்தை ஒருவர் வாழ்வில் பெற்ற உறுதியான கொள்கையும் போதும் என்று 1965-இல் சீகர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. படைப்புக் கடவுளை ஏற்காத நாம் இதனைக் கருதுதல் தகும். ஆனால் 1971-இல், எல்லாப் போரையும் மறுப்பவர்க்கே விலக்கு. ஒரு போரை மட்டும் மறுப்பவர்க்கு இல்லை என்று அம்மன்றமே வரையறுத்தது.

குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1967-இல் வெளிப்படையாக மறுத்தார்; பட்டத்தை இழந்தார்; ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1971-இல் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. மறுப்பின் விலையை அவர் பிறர் தலையில் ஏற்றவில்லை.

நாம் கொள்ளும் கருத்து

தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் இம்சையே என்பது நம் அறம். போரை ஆதரித்துக்கொண்டே தம் மகனுக்கு மட்டும் விலக்குத் தேடிய தந்தை, முதலாவதினின்று மகனைக் காத்தார். மற்ற இரண்டினின்றும் தம்மைக் காத்தாரல்லர்.

சிந்தனைக்கு

1. ஒரு போரை மட்டும் மறுப்பவரின் மனச்சான்று குறைந்ததாகுமா?
2. நமக்குக் கிடைக்கும் சலுகையின் சுமையை யார் சுமக்கின்றார்?

பெற்றோர் இவ்வினாக்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து ஆராய்வாராக.