செயற்றிட்ட முகாமையும் கணினி மென்பொருளும்

ஒரு கருமத்தைத் தொடங்குதற்கு முன் அதன் முடிவுவரை எண்ணிப் பார்த்தல் அறிவுடையோர் இயல்பு. திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, காலமறிதல், வினைசெயல்வகை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து இதனை வற்புறுத்தினார். இக்காலத்தில் அவ்வாறு எண்ணிப் பார்த்தற்குத் துணைபுரியும் கருவிகளாகச் செயற்றிட்ட முகாமை மென்பொருள்கள் வாய்த்துள்ளன. இளைஞர் பலர் அவற்றிற் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வைத்திருக்கின்றனர். எனினும் அட்டவணை வரையத் தெரிந்தவர் பலராக, அது கூறும் பொருளை உணர்ந்தவர் சிலராகவே காணப்படுகின்றனர். தொடக்கப் பயிற்சிக்கும் உயர்பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அதனை ஓர் உதாரணங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வரலாறு

வேலைகளைக் காலக்கோட்டின்மீது கோடுகளாக வரையும் முறையை 1896இல் போலந்துப் பொறியியலாளர் கறோல் அடமியெக்கி வகுத்தார். 1910களில் அமெரிக்கராகிய ஹென்றி கான்ற் அத்தகைய படங்களைப் பரப்பினார். அவர் பெயராலேயே அவை இன்று வழங்குகின்றன. எவ்வேலை எப்பொழுது நடைபெறும் என்பதை அப்படங்கள் காட்டினவேயன்றி, ஒன்று பிந்தினால் எவையெவை பிந்தும் என்பதைத் தெளிவாகக் காட்டவில்லை. அக்குறையை நீக்கும் முறையை 1957இல் டியூபொன்ற் நிறுவனத்து மோர்கன் வாக்கரும் றெமிங்ரன் றான்ட் நிறுவனத்து ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியின் துணையோடு உருவாக்கினர். அதுவே அவதிப் பாதை முறை. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர் பொலாறிஸ் ஏவுகணைத் திட்டத்தின் பொருட்டுப் பேர்ட் என்னும் முறையை வகுத்தனர். 1983இல் தோன்றிய பிறைமவேறா நிறுவனத்தின் மென்பொருளும், 1984இல் வெளிவந்த மைக்கிறோசொவ்ற் புறொஜெக்ற்றும் இம்முறைகளை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தன. ஆகவே, மென்பொருளின் உள்ளே இருப்பது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணிதமேயாகும். அக்கணிதத்தை அறியாதவர் அதன் விடையை நம்பவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

அவதிப் பாதை

ஒரு கல்லூரி தன் நூல்நிலையத்திற்கு ஓர் அறை கட்டுகிறது என்று கொள்வோம். அத்திவாரத்திற்கு 3 வாரம். அதன்பின் சுவருக்கு 5 வாரம். அதன்பின் கூரைக்கு 3 வாரம். கதவு யன்னல்களைத் தச்சர் பட்டறையிற் செய்வதற்கு 6 வாரம்; இதனை முதல் நாளிலேயே தொடங்கலாம். கூரையும் கதவு யன்னல்களும் முடிந்தபின் அவற்றைப் பொருத்துவதற்கு 2 வாரம். கூரை முடிந்தபின் மின்னிணைப்புக்கு 1 வாரம். பொருத்தலும் மின்னிணைப்பும் முடிந்தபின் நிறந்தீட்ட 2 வாரம்.

அத்திவாரம், சுவர், கூரை, பொருத்தல், நிறந்தீட்டல் என்னும் வழியே கூட்டினால் 15 வாரம் வருகிறது. இதுவே மிக நீண்ட வழி. ஆதலின் இதுவே அவதிப் பாதை. இதில் ஒரு வாரம் பிந்தினால் முழு வேலையும் ஒரு வாரம் பிந்தும். மின்னிணைப்புக்கு 1 வாரத் தளர்வு உண்டு. கதவு செய்வோர் 11ஆம் வார முடிவில் ஒப்படைத்தாற் போதும். ஆதலின் அவர்களுக்கு 5 வாரத் தளர்வு உண்டு. அவர்கள் 6 வாரம் பிந்தித் தொடங்குவார்களாயின் வேலை 16 வாரமாவதோடு, அவதிப் பாதையும் சுவரை விட்டுத் தச்சர் பட்டறைக்கு மாறிவிடும். அவதிப் பாதை நிலையானதன்று; வாரந்தோறும் நோக்கற்பாலது.

வேலையாட்களின் தட்டுப்பாடு

மேற்கூறிய 5 வாரத் தளர்வு உண்மையானதா? கூரைமரம் ஏற்றுவோரும் கதவு செய்வோரும் ஒரே தச்சுக் குழுவினராயின் கணக்கு மாறுகின்றது. கூரைவேலை 8ஆம் வார முடிவிற் தொடங்குவதால், கதவு வேலை அதற்கு முன்னரே முடிதல் வேண்டும். எனவே உண்மைத் தளர்வு 2 வாரமே. தளர்வு 5 வாரம் உண்டென்று கருதி 5 வாரம் தாழ்த்தித் தொடங்கினால், கதவை முதலிற் செய்தாலும், இடையில் நிறுத்திக் கூரையை முடித்தாலும், மொத்தம் 18 வாரமாகும். வேலைக்கு ஆளைப் பெயர்குறித்து ஒதுக்கி, அதன்பின் வேலைப்பளுவைச் சமன்செய்யும் கட்டளையை இட்டாலன்றி மென்பொருள் இதனை நமக்குக் காட்டாது. ஆட்களை ஒதுக்காத திட்டம் அரைத் திட்டமேயாகும்.

இனி, ஆட்களைக் கூட்டினால் காலம் குறையுமா? 2 மேசன்மார் நாளொன்றுக்கு 8 மணிநேரமாக 10 நாள் செய்யும் வேலை 160 மணிநேரம். மேலும் இருவரைச் சேர்த்தால், முயற்சிக்கு ஏற்பக் காலத்தைக் குறைக்குமாறு அமைத்த வேலையை மென்பொருள் 5 நாளாக்கிவிடும். சுவர் கட்டுதற்கு அது ஓரளவு பொருந்தும். கொங்கிறீற்று இறுகுவதற்கோ நால்வர் காவலிருந்தாலும் நாள் குறையாது. அத்தகைய வேலைகளுக்குக் கால அளவை நிலையானதாகக் குறித்தல் வேண்டும். கணினித்துறையில் இவ்வுண்மையை பிறெட் புறூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்: பிந்திய வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் அவர்களைப் பழக்கும் காலமும் சேர்ந்து, வேலை மேலும் பிந்தும் என்பது அவர் கருத்து.

திகதியும் நாட்காட்டியும்

பயில்வோர் பெரிதும் தவறும் இடம் ஒன்றுண்டு. வேலைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தாது, தொடக்கத் திகதியை நேரே எழுதிவிடுவர். அப்பொழுது மென்பொருள் அதனை, 'இத்திகதிக்கு முன் தொடங்கலாகாது' என்னும் கட்டுப்பாடாகக் கொள்கிறது. பின்னர் முந்திய வேலை விரைவில் முடிந்தாலும் அடுத்தது முன்னே நகராது. நாட்காட்டியும் அவ்வாறே கருதற்பாலது. மைக்கிறோசொவ்ற் புறொஜெக்ற்றின் நியம நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 8 மணிநேரம் என்று கொள்வது. நமது பூரணை விடுமுறைகளை அது அறியாது. 15 வாரத் திட்டத்தில் மூன்று அல்லது நான்கு பூரணைகள் வரும். அவற்றையும் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு முதலியவற்றையும் நாமே குறித்தல் வேண்டும்.

கால அளவே ஐயத்துக்குரியதாயின் பேர்ட் முறை உதவும். ஒரு வேலை நல்வாய்ப்பில் 4 நாள், இயல்பில் 6 நாள், இடையூறு நேரின் 14 நாள் எனில், இயல்பை நான்கு மடங்காக்கி மற்றிரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க 7 நாள் வரும். இயல்பான 6 நாளையே எழுதுவோர் இடையூற்றை எண்ணாதோராவர்.

பணமும் பயனும்

வேலை தொடங்குமுன் ஒப்புக்கொண்ட திட்டத்தை ஆதாரத் திட்டமாகப் பதிந்து வைத்தல் இன்றியமையாதது. அதனோடு ஒப்பிட்டே முன்னேற்றத்தை அளத்தல் வேண்டும். நமது அறைக்கு மதிப்பீடு 30 இலட்சம் ரூபா என்க. 8ஆம் வார முடிவில் 16 இலட்சத்துக்குரிய வேலை முடிந்திருக்க வேண்டும். செலவாகியது 14 இலட்சம். செலவுக் கணக்கை மாத்திரம் நோக்குவோர், '2 இலட்சம் மிச்சம்' என்று மகிழ்வர். ஆனால் முடிந்த வேலையின் பெறுமதி 12 இலட்சமே எனின், நிலைமை வேறு. 12 இலட்ச வேலைக்கு 14 இலட்சம் கொடுத்திருக்கிறோம். நிகழ்ந்திருக்க வேண்டிய வேலையில் முக்காற் பங்கே நிகழ்ந்துளது. இவ்வீதத்திற் சென்றால் முழுச்செலவு 35 இலட்சமாகும். மிச்சம் என்று கருதிய இடத்தில் 5 இலட்சம் குறைவு நிற்கின்றது. 8ஆம் வாரத்தில் இதனை அறிந்தால் திருத்த வழியுண்டு. 15ஆம் வாரத்தில் அறிந்தால் மன்னிப்புக் கேட்கவே வழியுண்டு.

'முடிந்த வேலையின் பெறுமதி' என்பதை மென்பொருள் தானே அறியாது. சுவர் பாதியே எழுந்திருக்க, 'எண்பது வீதம்' என்று எழுதினால் அதுவும் எண்பதென்றே கணக்கிட்டு, அழகிய படமும் வரைந்து தரும். ஆதலின் உயர்பயிற்சியில் முதலிடம் பெறவேண்டியது உண்மையை உள்ளபடி எழுதும் பழக்கம். களத்திற்குச் சென்று அளந்து வந்தவர் எழுதும் எண்ணுக்கும், கந்தோரிலிருந்து ஊகித்தவர் எழுதும் எண்ணுக்கும் திரையில் வேறுபாடு தெரியாது. முடிவு நாளிலேதான் தெரியும்.

முடிவுரை

ஆகவே, இத்துறையிற் பயிற்றுவோர், பொத்தான்களின் இருப்பிடத்தோடு நின்றுவிடாது, மாணவரை முதலிற் காகிதத்தில் ஓர் அவதிப் பாதையைக் கணிக்கச் செய்தல் வேண்டும். அதன்பின் அதே கணக்கை மென்பொருளில் இட்டு, இரு விடைகளும் வேறுபடின் காரணம் தேடச் செய்தல் வேண்டும். முடிவுத் திகதி நகர்ந்தபோது, 'ஏன் நகர்ந்தது?' என்ற வினாவுக்கு விடைகூற வல்லவனே பயிற்சி நிறைந்தவன். கல்லூரிகளின் கட்டடங்கள் பெரும்பாலும் பழைய மாணவரும் பெற்றோரும் நம்பிக் கொடுத்த பொருளால் எழுபவை. அப்பொருளுக்குக் கணக்குக் கூறும் பொறுப்பு நாளை இன்றைய மாணவர் கைக்கு வரும். அதற்கு அவர்களை ஆயத்தஞ் செய்வது நம் கடன். இத்தொழிலில் ஈடுபட்டுள்ள பழைய மாணவர் ஆண்டுக்குச் சில நாள்களேனும் வகுப்பறைக்கு வந்து, தாம் நடத்திய உண்மைத் திட்டங்களை மாணவர் முன் விரித்துக் காட்டுவார்களாயின் அது பேருதவியாகும்.