பின்சீட்டில் இருப்பவருக்கான பாடம்

கேள்வி: சாலைப் பாதுகாப்பு வாரத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதன் ஆபத்தைப் பற்றி பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. விபத்துப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினால் மனதில் பதியும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அது பலன் தருமா?
- ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: படங்களைக் காட்டினால் அரங்கம் அடங்கிப்போகும், சிலர் அழவும் செய்வார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் பாடம் புரிந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டுவதில்தான் சிக்கல். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். நொறுங்கிய கார், ரத்தச் சாயம் பூசிய மாணவர்கள், ஆம்புலன்ஸ், மறுநாள் இரங்கல் கூட்டம் என இரண்டு நாள் நாடகமாகவே 'எவ்ரி ஃபிஃப்டீன் மினிட்ஸ்' நடக்கிறது. பார்த்த பிள்ளைகளின் பேச்சில் கொஞ்ச நாள் மாற்றம் தெரிந்தாலும், நடத்தையில் அது நிலைத்ததற்கு உறுதியான சான்று இல்லை. வளரிளம் பிள்ளைகளைச் சிறைக்குள் அழைத்துப் போய் மிரட்டிய 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' திட்டங்களோ இன்னும் மோசம்: அவற்றில் கலந்துகொண்டவர்களிடம் குற்றம் கூடியதாகவே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன.

பள்ளித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2005இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். வகுப்பில் பாடம் நடத்துவதால் மாணவர்கள் குடித்துவிட்டு ஓட்டுவது குறைகிறதா என்றால், சொல்லப் போதிய சான்று இல்லை. குடித்தவர் ஓட்டும் வண்டியில் அவர்கள் ஏறுவது குறைகிறதா என்றால், ஆம், குறைகிறது. நம் ஊருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும்; கியர் வண்டி ஓட்ட உரிமம் பெற 18. உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கு ஓட்டுநர்கள் அல்ல. கல்யாண வரவேற்பு முடிந்தோ கோயில் கொடை முடிந்தோ, மாமாவின் பைக்கில் பின்னால் ஏறி வீட்டுக்கு வருகிறவர்கள். ஆகவே வகுப்பின் மையக் கேள்வி 'குடித்தால் என்ன ஆகும்' என்பதாக இருக்க வேண்டாம். 'குடித்தவர் வண்டியை எடுத்தால் நான் என்ன செய்வேன்' என்பதாக இருக்கட்டும்.

பெரியவர்களை எதிர்த்துப் பேச நம் பிள்ளைகளால் முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதனால்தான் அறிவுரையைவிட ஒத்திகை முக்கியம் என்கிறேன். "நீங்க குடிச்சிருக்கீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தேவையில்லை. "மாமா, நான் அத்தைகூட பஸ்ல வர்றேன்" என்று சொல்லலாம். வயிறு சரியில்லை என்று அங்கேயே தங்கிவிடலாம். சாவியை இன்னொரு பெரியவர் வாங்கிவைக்கும்படி செய்யலாம். இவற்றை வகுப்பிலேயே இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும். கூடவே கொஞ்சம் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கிறது. நள்ளிரவில் 150 இருந்தவருக்கு விடிகாலை 5 மணிக்கும் 75 இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. 'தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சிடுச்சு' என்பது எவ்வளவு தப்பு என்று பிள்ளைகளே போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே திருட்டுத்தனமாகக் குடிக்கும், ஓட்டும் பையன்களை இது விட்டுவிடுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லலாம், ஆனால் அதை உண்மையில் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையையும் 25,000 ரூபாய் அபராதத்தையும் சந்திக்க நேரும்; வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்; பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சாவியைக் கொடுப்பவரை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் உட்காரவைத்துப் பேசுவது பாதி வேலை.

ஆகவே பெற்றோர் கூட்டத்தையும் இதற்குப் பயன்படுத்துங்கள். 1981இல் மாசசூசெட்ஸில் ஓர் ஆசிரியர் தொடங்கிய மாணவர் அமைப்பு ஓர் ஒப்பந்தத் தாளை அறிமுகப்படுத்தியது. ஆபத்தான நிலை வந்தால் எந்நேரமானாலும் வீட்டுக்குப் போன் செய்வேன் என்று பிள்ளை கையெழுத்திடும்; கேள்வி கேட்காமல் வந்து அழைத்துப் போவேன், விசாரணை பிறகு என்று பெற்றோர் கையெழுத்திடுவார்கள். தாளில் பெற்றோருக்கு இன்னொரு வாக்குறுதியும் உண்டு: தானும் குடித்துவிட்டு ஓட்டமாட்டேன், குடித்தவர் வண்டியில் ஏறவும் மாட்டேன். கூட்டத்தில் முணுமுணுப்பு அங்கேதான் எழும். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.