பழைய காரின் வயர்க் கோளாறைக் கண்டறிதல்: மீற்றர் சொல்லும் சாட்சி

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் எமது மக்களுக்குப் புதியவை அல்ல. 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சிறிது பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியவை இவையே. நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், மரக்கறி மூடைகளைச் சந்தைக்கு ஏற்றியதும் இவைதாம். இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திற்கு ஓடக்கூடிய ஒரு கார் ஹயர் வருமானமாகும். ஓடாத கார் செலவு மட்டுமே. அச்செலவிற் பெரும் பகுதி, கோளாறு எங்கே என்று அறியுமுன் சாமான் வாங்குவதாலேயே ஏற்படுகிறது.

இப்பாடத்தில் மொறிஸ் மைனர் 1000 காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதன் வயர் நிறங்கள் லூக்காஸ் முறையைச் சேர்ந்தவை. அக்காலத்து ஒஸ்ரின் கார்களிலும் அதே முறை உண்டு.

மின் செல்லும் பாதை

வாய்க்காலில் நீர் வராவிட்டால் நாம் கடைசிப் பாத்தியில் நின்று மண்ணைக் கிளறுவதில்லை. கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம். மின்சாரத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

பற்றரியிலிருந்து மண்ணிற வயர் சாவிச் சுவிட்சுக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் மின் வெள்ளை வயரில் இறங்கிப் பியூஸ் பெட்டியின் ஏ3 என்ற முனைக்குச் செல்கிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வெள்ளை வயர் பியூஸ் இல்லாமலே கொயிலுக்குப் போகிறது. மற்றப் பாதை 35 அம்பியர் பியூஸைக் கடந்து ஏ4 முனைக்கு வந்து, பச்சை வயராகப் பெற்றோல் மீற்றர், வைப்பர், பிரேக் லைற் ஆகியவற்றுக்குப் போகிறது. மின்சாரப் பெற்றோல் பம்பும் சிவப்பு எச்சரிக்கை பல்ப்பும் வெள்ளை வயரின் பக்கத்தைச் சேர்ந்தவை.

ஆகவே மீற்றரும் கொயிலும் ஒரே ஊற்றிலிருந்து நீர் பெறும் இரு வயல்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை அறியலாம்.

முதலில் கண்ணும் காதும்

சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமற் கவனியுங்கள்.

1. சிவப்பு பல்ப் எரியவில்லை, பம்பின் ‘டிக் டிக்’ சத்தம் இல்லை, மீற்றரும் அசையவில்லை: கோளாறு ஏ3 முனைக்கு முன்னால் உள்ளது. பற்றரி முனைகள், மண்ணிற வயர், சாவிச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். கொயிலைத் தொட வேண்டாம்.

2. பல்ப் எரிகிறது, பம் அடிக்கிறது. மீற்றர், வைப்பர், பிரேக் லைற் மூன்றும் இல்லை: பியூஸ் போய்விட்டது, அல்லது அதன் பிடி துருப்பிடித்துள்ளது.

3. எல்லாம் வேலை செய்கின்றன, எஞ்சின் மட்டும் பற்றவில்லை: கொயிலிலிருந்து பிளக் வரையுள்ள பகுதியைச் சோதியுங்கள்.

4. எஞ்சின் ஓடுகிறது, மீற்றர் மட்டும் பொய் சொல்கிறது: மீற்றருக்கும் ராங்கிக்கும் இடையில் தேடுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. கையால் இழுக்கும் ஸ்ரார்ட்டர் உள்ள வண்டியில், சாவி திருப்பாவிட்டாலும் எஞ்சின் சுற்றும். எனவே ஸ்ரார்ட்டர் சுற்றுவதைக் கொண்டு சாவிச் சுவிட்ச் நல்லது என்று முடிவு செய்ய முடியாது.

நாம் சென்ற ஒரு கிராமத்தில் ஒருவர் காருக்குப் புதுக் கொயிலும், பின்னர் புதுப் பொயின்றும் வாங்கிப் பூட்டியிருந்தார். ஸ்ரார்ட்டர் நன்றாகச் சுற்றியது. ஆனால் சிவப்பு பல்ப் எரியவில்லை, பம்பும் அடிக்கவில்லை. சுவிட்சின் பின்புறத்தில் மண்ணிற வயரின் திருகாணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் கார் கிளம்பியது.

சோதனை பல்ப்

12 வோல்ற் சிறு பல்ப் ஒன்றைப் பிடியிற் பூட்டி, இரண்டு வயர்களை இணையுங்கள். ஒரு வயரை வண்டியின் உடலில், துரு இல்லாத இடத்திற் கவ்வவிடுங்கள். மற்ற வயரே எமது சோதனைக் கோல்.

சாவியைத் திருப்பி, கொயிலின் எஸ்.டபிள்யூ. முனையிற் கோலை வையுங்கள். பல்ப் எரிந்தால் கொயில் வரை மின் வருகிறது.

அடுத்து சி.பி. முனையில் வைத்து, டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையாற் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். பொயின்ற் திறக்கும்போது பல்ப் எரிந்து, மூடும்போது அணைய வேண்டும்.

எப்போதும் எரிந்தால்: பொயின்றில் அழுக்கு உண்டு, அல்லது அது மூடவில்லை, அல்லது டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வயர் அறுந்துள்ளது. பொயின்றைச் சுத்தமாக்கி, இடைவெளியை 0.014 முதல் 0.016 அங்குலத்திற்குள் வையுங்கள்.

ஒருபோதும் எரியாவிட்டால்: சி.பி. முனையிலுள்ள வயரைக் கழற்றி மீண்டும் அம்முனையைச் சோதியுங்கள். இப்போது எரிந்தால் கொயிலின் உட்சுற்று அறவில்லை; டிஸ்ரிபியூற்றர்ப் பக்கத்தில் எங்கோ வயர் உடலிற் படுகிறது. இப்போதும் எரியாவிட்டாலே கொயில் மாற்ற வேண்டும்.

பொய் சொல்லும் மீற்றர்

பழைய காந்த வகை மீற்றரில், ராங்கிக்குப் போகும் பச்சை கறுப்பு வயர் அறுந்தால் முள் ‘நிறைவு’ காட்டும். அவ்வயர் உடலிற் பட்டால் ‘வெறுமை’ காட்டும். ராங்கியின் ஏர்த் துருப்பிடித்தாலும், உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். இது ஆபத்தான பொய். நள்ளிரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஏற்றிச் செல்லும் வண்டி, முள் நிறைவில் நிற்கப் பாதி வழியில் நின்றுவிடலாம். முள் நிறைவில் இருக்க, பம் ஓயாமல் வேகமாக அடித்தால், ராங்கியில் எண்ணெய் இல்லையோ என்று முதலிற் பாருங்கள். குச்சி விட்டு அளந்து பார்ப்பதே நிச்சயம்.

பிந்திய சில கார்களில் மீற்றர் வேறு வகை. அவற்றில் வயர் அறுந்தால் முள் வெறுமைக்கு இறங்கும். எனவே உங்கள் வண்டி எவ்வகை என்பதை முன்பே அறிந்து வையுங்கள்.

மனதிற் கொள்வோம்

• வயரைக் கழற்றுமுன் பற்றரியின் ஏர்த் முனையைக் கழற்றுங்கள். மைனரில் உடலோடு சேர்வது நேர்முனை. புதுப் பற்றரி பூட்டும்போது இதைக் கவனியுங்கள்.
• மண்ணிற, வெள்ளை வயர்களுக்குப் பியூஸ் காவல் இல்லை. கொட்டிலில் நின்ற வண்டியில் எலி கடித்த இடங்களைத் தேடிச் சரிசெய்த பின்னரே பற்றரியை இணையுங்கள்.
• பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரட் பெட்டித் தாளோ வைத்தால் வண்டியே எரியலாம்.
• எஞ்சின் ஓடாதபோது சாவியை நீண்ட நேரம் திருப்பி வைத்தாற் கொயில் சூடாகும், பொயின்ற் கருகும்.
• ராங்கிக்கு அருகில் தீயோ மின்பொறியோ வேண்டாம். சாவியை மூடிய பின்னரே அங்குள்ள வயரைத் தொடுங்கள்.
• முன்பு யாரோ வயர் மாற்றியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. சோதனை பல்ப்பை நம்புங்கள்.

ஊரில் ஒரு பழைய கார் இருந்தால், இளைஞர்கள் நாலைந்து பேர் கூடி, அதன் பாதையைப் பற்றரியிலிருந்து பிளக் வரை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அந்தத் தாளை வண்டியிலேயே வைத்திருங்கள். வழியில் நின்ற வண்டிக்கு அதுவே முதல் மெக்கானிக்.